உண்ணியைத் தேடிய கால் நூற்றாண்டு: ஹன்டா வைரஸ் ஆய்வின் வரலாறு

இன்றைய வட கொரியாவின் மலைப்பகுதியில் தோன்றித் தெற்கு நோக்கி இறங்கி, சோர்வொன் சமவெளியின் நெல்வயல்களையும் யோன்சோன் வட்டாரத்தின் எரிமலைப் பாறைக் கரைகளையும் கடந்து இம்ஜின் ஆற்றில் கலக்கும் ஹன்டான் ஆறு, நீளத்தாலோ நீர்ப்பெருக்காலோ உலகறியப் பெயர்பெற்ற ஆறு அன்று. 1950-இல் தொடங்கிய கொரியப் போரின் களம் 38-ஆவது அட்சரேகையை ஒட்டி நிலைகொண்டபோது, அந்த வட்டாரத்தில் முகாமிட்ட படையினரிடையே பரவிய ஒரு காய்ச்சலும், அதன் காரணத்தைக் கண்டறியப் பிடித்த இருபத்தைந்து ஆண்டுகளும்தாம் அந்த ஆற்றின் பெயரை மருத்துவ நூல்களில் நிலைபெறச் செய்தன. எலிகளின் உடலில் அவற்றுக்குப் பெருந்தீங்கு செய்யாமல் வாழ்ந்து, மனிதரை அடையும்போது ரத்தக்கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடிய வைரஸ்களில் ஒரு பெருங்குழு ‘ஹன்டா வைரஸ்கள்’ என்று இன்று வழங்குவது அதனாலேயே. இந்த ஆய்வின் போக்கைத் தொடர்ந்து நோக்கினால், காரணி பிடிபடத் தாமதமானதில் ஆய்வுக் கருவிகளின் குறைபாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பதும், இத்தகைய காய்ச்சலைப் பரப்புவது கொசுவாகவோ உண்ணியாகவோதான் இருக்க வேண்டும் என்ற அக்கால எதிர்பார்ப்பின் பங்கு அதற்குக் குறைந்ததன்று என்பதும் புலப்படும். அந்த எதிர்பார்ப்பின் தடம் தமிழ்நாட்டின் வேலூரிலும் பதிந்திருக்கிறது.

மஞ்சூரியாவிலிருந்து வந்த ஊகம்

கொரியப் போர்க்களத்தில் மேலைநாட்டு மருத்துவர்களுக்குப் புதிதாகத் தோன்றிய இந்நோய், வடகிழக்கு ஆசியாவுக்குப் புதியதன்று. 1930-களில் அமூர் ஆற்றை ஒட்டிய சோவியத் தூரகிழக்குப் பகுதியிலும், ஜப்பானியப் படைகள் கைப்பற்றியிருந்த மஞ்சூரியாவிலும், காய்ச்சல், கடும் முதுகுவலி, சிறுநீரில் புரதம் வெளியேறுதல், தோலிலும் உள்ளுறுப்புகளிலும் ரத்தக்கசிவு ஆகியவை சேர்ந்து காணப்படும் நோயொன்று படைவீரரையும் காட்டுவேலை செய்வோரையும் தாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. ஏறத்தாழ அதே காலத்தில், 1934-இல், மியர்மன், செட்டர்ஹோம் என்னும் இரு ஸ்வீடன் மருத்துவர்கள் தம் நாட்டில் காணப்பட்ட, இதைவிட மிதமான ஒரு சிறுநீரக நோயைத் தனித்தனியே விவரித்தனர். இரண்டாம் உலகப் போரின்போது பின்லாந்தின் வடபகுதியில் நிலைகொண்டிருந்த படையினரிடையேயும் அது பரவியது. ஐரோப்பிய நோயும் ஆசிய நோயும் உறவுடையவை என்பது அப்போது உறுதிப்படவில்லை.

சோவியத் அறிஞர் ஸ்மொரோதின்ட்செவின் குழுவினர், நோயாளியின் ரத்தத்தையும் சிறுநீரையும் பாக்டீரியாவைத் தடுத்துநிறுத்தும் நுண்வடிகட்டியில் வடித்த பின்னரும் அவற்றில் நோயுண்டாக்கும் ஆற்றல் எஞ்சியிருப்பதை மனிதருக்கே செலுத்திக் காட்டி, காரணி ஒரு வைரஸாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். மஞ்சூரியாவில் ஜப்பானிய இராணுவத்தின் 731-ஆம் பிரிவைச் சேர்ந்த கிடானோ மசாஜியும் கசஹாராவும் வயலெலிகளையும் அவற்றின் உடலில் ஒட்டி வாழும் உண்ணிகளையும் சேகரித்து, உண்ணிகளை அரைத்த கரைசலை ‘குரங்குகளுக்கு’ ஊசிவழிச் செலுத்தி நோயை உண்டாக்கியதாக அறிக்கை எழுதினர். அந்த அறிக்கைகளில் குரங்கு என்று குறிக்கப்பட்டவர்கள் சிறைப்பட்ட மனிதர்கள் என்பது போருக்குப் பின் வெளிப்பட்டது. அறநெறியைக் காலில் மிதித்த இந்தச் சோதனைகளிலிருந்து, வயலெலியின் உடலில் வாழும் உண்ணியே நோயை மனிதருக்குக் கடத்துகிறது என்ற கருத்து மட்டும் அறிவியல் இலக்கியத்துக்குள் புகுந்தது. எலியின் ரத்தத்தைக் குடித்த உண்ணியை அரைத்துச் செலுத்தும்போது எலியின் வைரஸும் உடன் செல்லக்கூடும் என்பதும், ஊசிவழி நோய் உண்டானதால் இயற்கையிலும் உண்ணிதான் அதைக் கடத்துகிறது என்று கொள்ள இடமில்லை என்பதும் அப்போது போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை.

போர்க்களத்து மருத்துவமனை

1951-ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் படையினரிடையே முதல் நோயாளிகள் தோன்றினர். 1954 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயின் போக்கு ஐந்து கட்டங்களாக வகுக்கப்பட்டது. முதலில் கடுங்காய்ச்சல்; முகமும் கழுத்தும் மார்பும் வெயிலில் கன்றியதுபோல் சிவக்கும், கண்கள் ரத்தச் சிவப்பாகும், அக்குளிலும் மேலண்ணத்திலும் ஊசிமுனை அளவான செம்புள்ளிகள் தோன்றும். அடுத்து, மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிவதால் ரத்த அழுத்தம் சட்டென வீழும். சிலர் இந்தக் கட்டத்திலேயே இறந்தனர். பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் சிறுநீர் வெகுவாகக் குறையும் அல்லது அடியோடு நிற்கும். பின்னர் அதற்கு நேர்மாறாக நாளொன்றுக்குப் பல லிட்டர் சிறுநீர் வெளியேறி, உடலின் நீரும் உப்பும் நிலைகுலையும். இறுதியில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீளும் தேறுதல் காலம். ஒவ்வொரு கட்டத்திலும் சிகிச்சை முந்திய கட்டத்துக்கு முரணாக அமைய வேண்டியிருந்தது: அழுத்தம் வீழும்போது கொடுத்த நீர்மம், சிறுநீர் நிற்கும் கட்டத்தில் நுரையீரலில் தேங்கி நோயாளியைத் திணறவைக்கக் கூடியதாக இருந்தது.

இந்த நோய்க்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட களமருத்துவமனைக்கு நோயாளிகள் ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்டனர். 1952-இல் வொன்ஜு நகரில் இயங்கிய இராணுவ மருத்துவமனையில் செயற்கைச் சிறுநீரகம், அதாவது ரத்தத்தை உடலுக்கு வெளியே ஓடவிட்டுக் கழிவை நீக்கும் டயாலிசிஸ் கருவி, பால் டெஷான் என்ற மருத்துவரின் பொறுப்பில் நிறுவப்பட்டது. போர்க்களத்தை ஒட்டி அத்தகைய கருவி பயன்பட்டது அதுவே முதல் முறை. இவற்றாலும், நீர்மத்தை அளந்து கொடுக்கும் முறையை மருத்துவர்களும் செவிலியரும் தேர்ந்து கற்றதாலும், இறப்பு விகிதம் படிப்படியாகக் குறைந்தது.

சிகிச்சை இவ்வாறு முன்னேற, காரணியைத் தேடும் பணி ஓரிடத்திலேயே சுழன்றது. அமெரிக்க இராணுவம் தனி ஆய்வுக்குழு அமைத்தது, நோயாளிகளின் ரத்தமும் திசுக்களும் பலவகை ஆய்வக விலங்குகளுக்கும் கோழிமுட்டைக் கருக்களுக்கும் செலுத்தப்பட்டன, எதுவும் நோயுறவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சலின் கொடுமையைக் கண்டிருந்த இராணுவ மருத்துவத்துக்கு, புல்வெளியில் படுத்துறங்கிய வீரர்களிடையே வசந்தத்தின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் ஆண்டுக்கு இருமுறை உச்சம் கண்ட இந்நோய் அதன் உறவாகவே தோன்றியது. மஞ்சூரிய அறிக்கைகளும் அதற்கு ஒத்துநின்றன. எனவே வீரர்களின் சீருடைகள் உண்ணிகொல்லி மருந்தில் தோய்த்து வழங்கப்பட்டன. நோய் குறைந்ததாகத் தெரியவில்லை. இலையுதிர் கால உச்சம் நெல் அறுவடையோடும் வயலெலிகளின் பெருக்கத்தோடும் பொருந்தியதைப் பலர் கண்டனர். எலிக்கும் மனிதருக்கும் இடையே ஓர் உண்ணியை நிறுத்தியே அப்பொருத்தத்தை விளக்கினர். எலியின் சிறுநீர் முதலிய கழிவுகளே நேரடியாகத் தொற்றைத் தரக்கூடும் என்ற எண்ணத்தைக் கார்ல்டன் காய்டுசெக் போன்ற சிலர் 1950-களிலேயே எழுப்பினர் என்றாலும், வைரஸ் கையில் இல்லாத நிலையில் அதை நிறுவ வழியில்லை.

பொலிவியா தந்த மாற்று விளக்கம்

எலியிலிருந்து ரத்தக்கசிவுக் காய்ச்சல் இடையில் எந்தப் பூச்சியும் இன்றி மனிதரை அடையும் என்பதற்கு வலுவான களச்சான்று, உலகின் மறுகோடியிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் சோளவயல்களில் அறுவடைக் காலத்தில் தோன்றிய காய்ச்சலின் காரணியான ஹூனின் வைரஸ் 1958-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பொலிவியாவின் சான் ஹொவாகின் என்னும் சிற்றூரை அத்தகைய இன்னொரு காய்ச்சல் சூறையாடியபோது, அங்கே சென்ற கார்ல் ஜான்சன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 1963-இல் மச்சுபோ வைரஸைப் பிரித்தெடுத்தனர். அந்தப் பணியின்போது ஜான்சனே நோயுற்றுப் பிழைத்தார். வீடுகளுக்குள் நடமாடிய கலோமிஸ் இனச் சுண்டெலியின் உடலில் வைரஸ் காணப்பட்டதும், 1964-இல் ஊர் முழுவதும் எலிப்பொறிகள் வைக்கப்பட்டன; சில வாரங்களில் நோய் அடங்கியது. கொசுவையோ உண்ணியையோ ஒழிக்காமல் எலியை மட்டும் அகற்றியதால் கொள்ளைநோய் நின்றது என்பதே இதன் சிறப்பு. இவ்விரு தென்னமெரிக்க வைரஸ்களும் அரினா வைரஸ் என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும், எலியின் சிறுநீர் கலந்த தூசியும் உணவும் போதும் என்ற விளக்கத்துக்கு அவை முன்மாதிரி ஆயின. ஜான்சன் பின்னாளில் கொரிய ஆய்வில் பங்கேற்றார் என்பது இந்த இரு வரலாறுகளையும் இணைக்கும் கண்ணி.

நோயாளியின் சீரமே சாட்சி

இன்றைய வட கொரியாவில் 1928-இல் பிறந்து, சியோலில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற லீ ஹோ வாங், 1960-களின் இறுதியில் அமெரிக்க இராணுவத்தின் நிதியுதவியோடு இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். தொடக்க ஆண்டுகள் அவருக்கும் தோல்வியையே தந்தன. முந்தைய ஆய்வுகள் யாவும், நோயாளியின் ரத்தத்தைச் செலுத்தினால் ஏதேனும் ஒரு விலங்கு நோயுறும், அதன்வழி வைரஸ் வெளிப்படும் என்ற நம்பிக்கையில் அமைந்திருந்தன. நோயுறும் விலங்கு எதுவும் கிடைக்காதபோது, நோயே காட்டாமல் வைரஸைச் சுமக்கும் விலங்கில் அதைக் காண வேறொரு வழி தேவைப்பட்டது. நோயிலிருந்து தேறிய மனிதரின் ரத்தத்தில் அந்த வழி இருந்தது.

வைரஸ் தொற்றிய உடல், அந்த வைரஸின் புரதத்தோடு மட்டும் பிணையக்கூடிய எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மமாகிய சீரத்தில் அவை பல்லாண்டுகள் தங்கும். லீயின் ஆய்வகத்தில், நோய் காணப்படும் வட்டாரங்களில் பொறிவைத்துப் பிடித்த வயலெலிகளின் உறுப்புகள் உறையவைக்கப்பட்டு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் ஒட்டப்பட்டன. அதன்மேல், தேறிய நோயாளியின் சீரம் சில துளிகள் இடப்பட்டது. சற்று நேரத்துக்குப் பின் தகடு கழுவப்பட்டது. திசுவில் வைரஸ் இருந்தால் சீரத்தின் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு கழுவுதலுக்கும் அசையாது நிற்கும். இல்லாவிட்டால் நீரோடு போய்விடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய இன்னோர் எதிர்ப்பொருள், ஒளிரும் சாயம் ஏற்றப்பட்டு, மேலே விடப்பட்டது. மீண்டும் கழுவிய தகட்டைப் புறஊதா ஒளியில் நுண்ணோக்கிவழிப் பார்த்தால், வைரஸ் உள்ள உயிரணுக்கள் இருண்ட பின்னணியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும்.

முதுகின் நடுவே கரிய கோடு ஓடும் அபோடிமஸ் அக்ரேரியஸ் என்னும் வயலெலியின் நுரையீரல் சீவலில் அந்த ஒளிர்வு 1976-இல் தென்பட்டது. நோய் மனிதரின் சிறுநீரகத்தைத் தாக்குவதால் எலியிலும் அந்த உறுப்பின்மேல் கவனம் செல்வது இயல்பே. வைரஸ் மிகுதியாகத் திரண்டிருந்ததோ நுரையீரலில். ஒளிர்வு தற்செயலன்று என்று காட்டுவதற்கு ஓர் எளிய ஒப்பீடு உதவியது: ஒரே நோயாளியிடமிருந்து காய்ச்சல் தொடக்கத்தில் எடுத்த சீரம் ஒளிர்வைத் தரவில்லை அல்லது மங்கலாகத் தந்தது, தேறிய பின் எடுத்த சீரம் பளிச்செனத் தந்தது. எதிர்ப்பொருள் அந்த நோயின்போதுதான் உருவானது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. லீ ஹோ வாங்கும் லீ பியோங் வூவும் கார்ல் ஜான்சனும் 1978-இல் வெளியிட்ட கட்டுரை, வைரஸை வயலெலியிலிருந்து வயலெலிக்கு மாற்றி வளர்த்ததையும், நோயாளிகளிடமிருந்து அதைப் பிரித்தெடுத்ததையும் நிறுவியது. வைரஸுக்கு ஹன்டான் ஆற்றின் பெயர் சூட்டப்பட்டது.

தொற்றிய வயலெலி நோயுறுவதில்லை என்பதும், எச்சிலிலும் மலத்திலும், மிக நீண்ட காலம் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. காய்ந்த கழிவு தூசியாகக் கிளம்பி மூச்சோடு உட்செல்வதே மனிதத் தொற்றின் முதன்மை வழி. வைக்கோற்போரைக் கலைக்கும் உழவரும், பதுங்குகுழி வெட்டும் வீரரும், எலிகளைக் கையாண்ட ஆய்வகப் பணியாளரும் ஒரே விதமாக நோயுற்றதன் காரணம் இதனால் விளங்கியது. உண்ணிகொல்லி தோய்த்த சீருடை ஏன் பயன்படவில்லை என்பதும் விளங்கியது.

ஒரு வைரஸ் பல வைரஸ்களானது

ஹன்டான் வைரஸ் கையில் வந்ததும், ஏனைய நாடுகளின் நோயாளிகளது சீரத்தை அதனோடு ஒட்டிப் பார்க்க முடிந்தது. பின்லாந்தின் பூமலா என்னும் ஊரில் பிடித்த காட்டெலிகளில் ஐரோப்பிய நோயின் காரணி 1980-ஐ ஒட்டி அடையாளம் காணப்பட்டு, ஆசிய நோயின் உறவு உறுதியானது. வயல்பக்கமே செல்லாத சியோல் நகரவாசிகளின் நோய்க்கு அந்நகரின் பெருச்சாளி, வீட்டெலி வகைகளில் இருந்த இன்னொரு வைரஸ் காரணமென 1982-இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சியோல் வைரஸ் எலிகள் ஏறிய கப்பல்களோடு உலகத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் பரவியிருந்தது. 1981-இல் மனித நுரையீரல் புற்றிலிருந்து பெறப்பட்ட உயிரணு வளர்ப்பில் ஹன்டான் வைரஸ் பெருகியதால், அதன் மரபுப்பொருளை ஆராய வழி பிறந்தது. மூன்று துண்டுகளாக அமைந்த ஆர்.என்.ஏ. இழையைக் கொண்டு அது புன்யா வைரஸ் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. கொசுவும் உண்ணியும் ஈயும் கடத்தும் வைரஸ்கள் நிறைந்த அக்குடும்பத்தில், பூச்சியின் துணை வேண்டாத கிளை அக்காலத்தில் இது ஒன்றாகவே இருந்தது. பல பெயர்களில் வழங்கிய நோய்களைச் ‘சிறுநீரகப் பாதிப்புடன் கூடிய ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்ற ஒரே பெயரில் உலக சுகாதார நிறுவனம் தொகுத்தது. லீயின் முயற்சியால் உருவான ஹன்டாவாக்ஸ் தடுப்பூசி 1990-இல் தென் கொரியாவில் உரிமம் பெற்றது.

இந்த அறிவின் பயன் 1993-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவை ஒட்டிய நான்கு மாநிலச் சந்திப்பில், நலமாக இருந்த இளைஞர்கள் நுரையீரலில் நீர்மம் நிறைந்து திடீரென இறந்தபோது, சிறுநீரகத்தையே முதன்மையாகத் தாக்கும் ஹன்டா வைரஸை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நோயாளிகளின் சீரம் ஹன்டான், பூமலா, சியோல் வைரஸ்களோடு வினைபுரிந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு மரபணு ஆய்வின்வழிச் சில வாரங்களிலேயே புதிய வைரஸும், அதைச் சுமந்த மான்சுண்டெலி என்னும் இனமும் கண்டறியப்பட்டன. கொரியாவில் கால் நூற்றாண்டு பிடித்த வேலை இங்கே வாரங்களில் முடிந்தது.

வேலூரில் கிடைத்த உறவு

பூச்சிவழிப் பரவும் வைரஸ்களைத் தேடும் பெருந்திட்டங்கள், 1950-களிலும் 60-களிலும் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு உலகின் பல பகுதிகளில் நடந்தன. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் உறுதிப்பட்ட வேலூர் வட்டாரம் அத்தகைய ஆய்வுக்களங்களில் ஒன்று; அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகம் இயங்கியது. 1964-இல் வேலூரின் தோட்டப்பாளையம் பகுதியில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து, அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று பிறந்த சில நாட்களேயான வெள்ளெலிக் குட்டிகளில் வளர்த்துப் பிரிக்கப்பட்டது. இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும், கடுநாற்றம் வீசும் இந்த மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததாகவே பொதுவாகக் கருதப்பட்டாலும், விலங்கியல்படி அது கொறிக்கும் பல் இல்லாத, பூச்சிகளைத் தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. கேரி, ரூபன், பணிக்கர், ஷோப், மையர்ஸ் ஆகியோர் 1971-இல் அந்த வைரஸைத் தோட்டப்பாளையம் வைரஸ் என்ற பெயரில் அறிவித்தனர். பூச்சிவழிப் பரவுவதாகக் கருதத்தக்க வைரஸ் என்றே அது பட்டியலில் ஏறியது. தேடலின் சட்டகமே பூச்சியாக இருந்தமையால், அகப்பட்டதும் பூச்சியின் கணக்கில் எழுதப்பட்டது.

ஹன்டான் வைரஸுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே தனிப்படுத்தப்பட்ட அந்த வைரஸ், எதனோடும் உறவறியப்படாமல் ஆய்வகச் சேமிப்பில் இருந்தது. கொரியாவில் வைரஸும் அதற்கான எதிர்ப்பொருளும் கிடைத்த பின்னரே, 1980-களின் இறுதியில் மின்னணு நுண்ணோக்கி ஆய்வும் எதிர்ப்பொருள் ஆய்வும் அதை ஹன்டா வைரஸ்களின் இனத்தில் சேர்த்தன. 2007-இல் அதன் மரபுப்பொருள் முழுமையாகப் படிக்கப்பட்டபோது, எலிகளில் வாழும் ஹன்டா வைரஸ்களிலிருந்து அது மிகத் தொலைவில் கிளைத்தது என்பது உறுதியாயிற்று. இதைத் தொடர்ந்து மூஞ்சூறுகளிலும் அகழெலிகளிலும் வௌவால்களிலும் ஹன்டா வைரஸ்கள் தேடப்பட்டுப் பல கண்டறியப்பட்டன. ஹன்டான் ஆறு சென்று சேரும் இம்ஜின் ஆற்றங்கரையின் மூஞ்சூறில் கிடைத்த வைரஸும், வேலூர் வைரஸும் இன்று ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளன. தோட்டப்பாளையம் வைரஸ் மனிதரிடம் நோய் உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை.

எனினும் ஹன்டா வைரஸ் தொற்று தெற்காசியாவில் இல்லாத ஒன்றன்று. இலங்கையில் ஹன்டா வைரஸ் நோய் இருப்பதை விதாரணவும் உடன் ஆய்வாளர்களும் லீ ஹோ வாங்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் அறிவித்தனர். கண்டியில் எலிக்காய்ச்சல் ஐயத்தோடு வந்த நோயாளிகளிடம் ஹன்டா வைரஸுக்கான எதிர்ப்பொருள் பின்னரும் காணப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, காய்ச்சல் நோயாளிகளோடு தானியக் கிடங்குத் தொழிலாளரையும், எலி பிடிப்பதில் பரம்பரைத் தேர்ச்சி பெற்ற இருளர்களையும் சேர்த்துச் சோதித்து, அவர்களிடையேயும் அத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டது.

எலிக்காய்ச்சல் என்று தமிழில் வழங்கும் லெப்டோஸ்பைரோசிஸ் ஒரு பாக்டீரியா நோய். அதுவும் எலியின் சிறுநீரோடு தொடர்புடையது, வயல்வேலைப் பருவத்தில் மிகுவது, சிறுநீரகத்தைத் தாக்கி ரத்தக்கசிவை உண்டாக்கவல்லது. தோற்றத்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம்; ஆனால் பாக்டீரியாவுக்கு ஈடுகொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸுக்குப் பயன்படாது, அங்கே நீர்மத்தை அளந்து கொடுப்பதும் தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வதுமே உயிர்காக்கும். எலிக்காய்ச்சல் என ஐயுற்றுச் சோதித்தும் அது உறுதிப்படாத நோயாளியின் கோப்பு, காரணம் அறியப்படாத காய்ச்சல் என்ற குறிப்போடு பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகிறது. கொரியாவில் நோயாளிகளின் சீரம் முதல் ஆண்டிலிருந்தே மருத்துவமனைகளில் இருந்தது. அதை எந்த விலங்கின் எந்த உறுப்போடு ஒட்டிப் பார்ப்பது என்ற கேள்விதான் பிந்தி வந்தது. நோயறியும் முறைகள் பெருகிவிட்ட இந்நாளில் அந்தக் கேள்வியைக் காவிரிப் படுகையின் நெல்வயல்களிலும் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் துறைமுகக் கிடங்குகளிலும் கேட்பதற்கு இன்னொரு கால் நூற்றாண்டு தேவைப்படாது. காய்ச்சல் வார்டில் எடுக்கப்படும் சோதனைகளின் பட்டியலில் ஹன்டா வைரஸும் ஒரு வரியாக இடம்பெற்றாலே தொடங்கிவிடலாம்.